சிலர் குரலும் பலர் மௌனமும்

(போடிநாயக்கனூரில் நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், சங்க உறுப்பினராகிய தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். யாம் தமிழாசிரியர் ஆதலின், பழந்தமிழ்ச் சுவையில் சிறிது எடுத்து வழங்குவோம் என்று நீங்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். யாமும் முதற்கண் அவ்வாறே எண்ணினோம். ஆயினும், மூன்றாண்டுகளாக எம் நெஞ்சில் ஒரு முள் தைத்துக் கிடக்கின்றது. அதனை உங்கள் முன் எடுத்து வையாது வேறொன்று பேச எமக்கு மனம் வரவில்லை. பழமையைப் போற்றும் ஒரு பெருங்கூட்டத்துள்ளே, சமய வெறி மிக்க சிலர் எவ்வாறு அக்கூட்டம் முழுமைக்கும் வாயாகி, அரசியலையும் தம் வழிக்குத் திருப்புகின்றனர் என்பதே இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் ஒன்று தெளிவுபடுத்தல் வேண்டும். பழமை போற்றுவோரை இகழ்வதற்கு யாம் இங்கு நிற்கவில்லை. யாமே பழமை போற்றும் இயல்பினேம். இச்சங்கமும் பழமையிற் பற்றுடையதே. குலதெய்வ வழிபாடும், பெரியோர்க்குச் செய்யும் மரியாதையும், திருமண முறைகளும் நம்மிடை நிலைத்திருக்க வேண்டும் என்னும் விருப்பம் இல்லையேல் இச்சங்கம் தோன்றியிராது.

ஏலத்தோட்டம் உடையோரும், தோட்டத்தில் உழைப்போரும் இவ்வவையில் மிகுதியாக இருக்கின்றீர்கள். நீங்கள் அறிந்த ஒன்றையே உவமையாகக் கூறுகின்றோம். ஏலச்செடி வெட்டவெளியில் வாழாது. மேலே பெருமரங்களின் நிழல் வேண்டும். ஆயினும் ஆண்டுதோறும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னர் அம்மரங்களைக் கவாத்துச் செய்து, ஒளி புக விடுகின்றோம். கிளை கழிக்காது விட்டால் ஈரம் தங்கிக் காய் அழுகும். மரத்தையே வெட்டிவிட்டால் செடி வெயிலிற் கருகும். பழமை என்பதும் அத்தகைய நிழல்மரமே. மரமே வேண்டா என்பார் ஒரு சாரார். ஒரு கிளையையும் தொடலாகாது, தொடுபவன் நம்மவன் அல்லன் என்பார் மற்றொரு சாரார். இவ்விருவர்க்கும் இடையே நின்று, மரத்தையும் செடியையும் ஒருங்கே காப்போரே பெரும்பான்மையோர். அவர்களையே யாம் பழமை போற்றுவோர் என்கின்றோம்.

இனித் தீவிரர் என்று யாரைக் கூறுகின்றோம்? நாள்தோறும் கோயில் செல்வோரையோ, நோன்பு நோற்போரையோ, நீறு பூசுவோரையோ அன்று. அவர்தம் பக்தி போற்றுதற்குரியது. தம் கருத்தை ஏலாத நம்மவரையும் சமயத் துரோகி என்று தூற்றி, கூச்சலாலும் அச்சுறுத்தலாலும் பிறர் வாயை அடைத்து, தம் சிறு குழுவின் விருப்பத்தையே சமயத்தின் கட்டளை என்று சாற்றுவோரையே யாம் தீவிரர் என்கின்றோம். அத்தகையோர் எல்லாச் சமயங்களிலும் உளர், எக்காலத்தும் சிலரே. சிலராயிருந்தும் அவர் பலரை ஆட்டுவிப்பது எங்ஙனம் என்பதே ஆராயத்தக்கது.

நம் நிலத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேச வரலாற்றை நோக்குவோம். 1931ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், மலையாள நாட்டுக் குருவாயூரில், கோயிலினுள் அனைத்து இந்துக்களும் சென்று வழிபட உரிமை வேண்டிச் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. தலைவர் கேளப்பன் அவர்கள் மறு ஆண்டு உண்ணாநோன்பும் மேற்கொண்டார். அப்பொழுது சனாதனிகள் கூறியது யாது? "பக்தர்கள் இதனை விரும்பவில்லை, இந்து மக்கள் அனைவரும் எதிர்க்கின்றனர்" என்பதே. அது மெய்தானா என்று அறிய, 1932ஆம் ஆண்டின் இறுதியில், பொன்னானி வட்டத்தில், அக்கோயிலில் வழிபடும் உரிமை முன்னரே உடையவர்களிடம் வாக்குக் கேட்கப்பட்டது. வாக்களித்தோருள் ஏறத்தாழ நூற்றுக்கு 77 பேர் கதவைத் திறக்கலாம் என்றனர். வெளிப்படையாக மறுத்தோர் ஏழில் ஒரு பங்கும் இல்லை. எஞ்சியோர் நடுநிலை நின்றனர்.

இங்கே சற்று நின்று எண்ணுங்கள். வாக்களித்தோர் சீர்திருத்தக்காரர் அல்லர். குருவாயூரப்பனை நம்பி வாழ்ந்த எளிய குடும்பத்தார், பழமையிலே ஊறியவர்கள். அவர்களுள் நான்கில் மூவர்க்கு மேற்பட்டோர் 'வரட்டும்' என்றார்கள். ஆயினும் கதவு திறக்கவில்லை. தருமகர்த்தாவாகிய சாமூதிரி இசையவில்லை. சட்டம் இடந்தரவில்லை என்றனர். 1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலேதான் அக்கதவு திறந்தது. பலர் விருப்பம் வெளிப்பட்ட பின்னரும் சிலர் மறுப்பு ஏறத்தாழப் பதினைந்தாண்டு வென்றது.

சட்டம் இடந்தரவில்லையெனின் சட்டத்தை மாற்றலாமன்றோ? அதற்கும் முயன்றனர். சென்னைச் சட்டசபையில் டாக்டர் சுப்பராயன் அவர்கள் கொண்டுவர விழைந்த மசோதாவுக்கு வைசிராய் அனுமதி மறுத்தார். 1933ஆம் ஆண்டில் தில்லி மத்திய சட்டசபையில் சி. எஸ். ரங்க ஐயர் ஆலயப் பிரவேச மசோதாவைக் கொணர்ந்தார். அது பொதுமக்கள் கருத்தறியச் சுற்றுக்கு விடப்பட்டது. வந்த கருத்துகளில் எதிர்ப்பே மிகுதி என்று சர்க்கார் கூறிற்று. வியப்பென்ன? சபை கூட்டி, தீர்மானம் இயற்றி, தந்தியடிப்போர் எவரோ அவருடைய கருத்தே கருத்தெனப்படும். பொன்னானியில் வீடுதேடிச் சென்று கேட்டபோது 'வரட்டும்' என்று கூறிய பாட்டியார்க்குத் தில்லிக்குத் தந்தியடிக்கத் தெரியுமோ? 1934ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ரங்க ஐயர் அம்மசோதாவை மீட்டுக்கொண்டார். தேர்தல் அண்மையில் வருதலால் காங்கிரசுத் தலைவர்கள் தம்மைக் கைவிட்டனர் என்று அச்சபையிலேயே அவர் குற்றஞ் சாட்டினார். அவ்வாண்டு நவம்பரில் மத்திய சட்டசபைத் தேர்தல் நடைபெற்றது. அவர் கூற்று முழுதும் நேரியதோ அன்றோ என்னும் வழக்கிற்கு யாம் புகவில்லை. தேர்தல் நெருங்கும்போது தலைவர்கள் எண்ணிக்கையை நோக்குவதினும் கூச்சலை நோக்கியே அஞ்சுவர் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இனி நம் ஊரை நோக்குவோம். அந்நாளில் போடிமெட்டின் இப்பால் சென்னை மாகாணம், அப்பால் திருவிதாங்கூர். நம் முன்னோர் காலையில் ஒரு சர்க்காரின் எல்லையில் எழுந்து, மலையேறி, மற்றொரு சர்க்காரின் எல்லையில் ஏலம் பறித்தனர். 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் அவர்கள், அரசுக்குட்பட்ட கோயில்களை இந்துக்கள் அனைவர்க்கும் திறந்துவிட்டு ஆணை பிறப்பித்தார். ஆகவே, மேட்டுக்கு அப்பால் திருவிதாங்கூர்ச் சர்க்கார்க் கோயிலுள் நுழையத் தக்க ஒருவர், கீழே இறங்கி மதுரைக்குச் சென்றால் மீனாட்சியம்மன் கோயில் வாயிலில் தடுக்கப்பட்டார். தெய்வம் ஒன்றே, பக்தர் ஒருவரே, சாத்திரமும் ஒன்றெனவே கூறப்பட்டது. ஒரு மலைச்சரிவு மட்டுமே வேறுபாடு. மாற்ற முடியாத பழமை என்று கூறப்பட்டது, மன்னர் ஒருவர் துணிந்தவுடன் மாறிற்று, வானம் இடிந்து விழவில்லை, பூசையும் நிற்கவில்லை.

மதுரையிலும் துணிவு பிறந்தது. 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், தமிழ்நாட்டு அரிசன சேவா சங்கத் தலைவராகிய வழக்கறிஞர் அ. வைத்தியநாத ஐயர் அவர்கள், பிற்காலத்தில் அமைச்சராய் விளங்கிய கக்கன் அவர்கள் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட வகுப்பினரையும், நாடார் வகுப்பினர் ஒருவரையும் உடனழைத்து, மீனாட்சியம்மன் கோயிலினுள் சென்று வழிபட்டார். கோயில் நிர்வாக அதிகாரியாக இருந்த ஆர். எஸ். நாயுடு அவர்கள் வரவேற்றார்கள். வருணாசிரம சுயராஜ்ய சங்கத்தார் வெகுண்டனர். கோயில் தீட்டுப்பட்டது என்றனர், வழக்குத் தொடுத்தனர். பட்டர்களில் ஒரு பகுதியார் பணிக்கு வாராது சில ஆண்டுகள் விலகி நின்று, பின்னர் மீண்டனர். இராசகோபாலாசாரியார் தலைமையிலிருந்த மாகாண மந்திரிசபை, கோயிலைத் திறந்தோர்க்குப் பாதுகாப்பாக அவசரச் சட்டம் பிறப்பித்து, அவ்வாண்டிலேயே அதனை நிலையான சட்டமாக்கிற்று. தஞ்சைப் பெரிய கோயிலும் அவ்வாண்டில் திறந்தது. 1947ஆம் ஆண்டில் மாகாணம் முழுமைக்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது.

இதில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. மீனாட்சியம்மனை நிந்தித்த ஒருவர் அக்கதவைத் திறக்கவில்லை. அம்மனை வழிபட்ட ஒருவரே திறந்தார். வைத்தியநாத ஐயர் வெளியிலிருந்து வந்தவர் அல்லர். எந்தக் கூட்டத்தின் பெயரால் மறுப்புக் கூறப்பட்டதோ அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர். அவர்தம் சுற்றத்தாரும் சாதியாரும் அவரைப் புறக்கணித்தனர், அவர் தளர்ந்திலர். ஒரு கூட்டத்துத் தீவிரரைத் திருத்தும் ஆற்றல், அக்கூட்டத்துள்ளே இருந்து பேசுவார்க்கே மிகுதியும் உண்டு. பிறர் கூறினால் பகையென்பர். நம்மவர் கூறினால் சிறிதேனும் எண்ணுவர்.

சிலர் பலரை ஆட்டும் முறை என்னவென்று இனி வகுத்துரைப்போம்.

முதலாவது, இடைவிடா ஊக்கம். பெரும்பாலோர்க்குத் தோட்டம் உண்டு, கடை உண்டு, பிள்ளைகளின் படிப்பு உண்டு. கூட்டத்திற்கு ஆண்டுக்கு ஒருமுறை வருவர். உணவு வேளையில் எழுந்து போவர். தீவிரர்க்கோ அவ்வொன்றே வேலை. முதலில் வருவர், முன்வரிசையில் அமர்வர், கடைசியில் எழுவர். தீர்மானங்கள் பெரும்பாலும் கடைசியிலேதான் நிறைவேறுகின்றன.

இரண்டாவது, தராசின் இயல்பு. நூறு பேர் உள்ள ஓர் ஊரில் நாற்பத்தாறு பேர் ஒரு கட்சியையும், நாற்பத்தாறு பேர் மற்றொரு கட்சியையும் சார்ந்திருப்பதாகக் கொள்ளுங்கள். எஞ்சிய எண்மர் ஒரே கட்டாக நிற்பாராயின், தொண்ணூற்றிருவரின் தலைவர்களும் அவ்வெண்மர் வாயிலிலே காத்து நிற்பர். அவர்க்கு எண்ணம் ஒன்றே. அது நிறைவேறாவிடின் கட்சியைக் கைவிட அஞ்சார். மற்றவர்க்கு எண்ணம் பல. ஒன்று தவறினும் கட்சியை விடார். ஆதலின், தம்மை விட்டு நீங்காதவரை மறந்து, நீங்குவோம் என்று மிரட்டுபவரையே தலைவர் பேணுகின்றனர்.

மூன்றாவது, தலைவரின் தப்புக் கணக்கு. 'இவர்தம் வேகத்தைத் தேர்தல் வரையிற் பயன்படுத்திக்கொள்வோம்; பின்னர் அடக்கிவிடுவோம்' என்பது அவர் நினைவு. ஏறியபின் இறங்க அரிய புலிமீது ஏறுதல் அது.

நான்காவது, பலருடைய மௌனம். இதனைப் பற்றி முடிவில் பேசுவோம். எமது முள் அங்கேதான் தைத்திருக்கின்றது.

மூன்றாவதாகக் கூறிய தப்புக் கணக்கிற்குக் கடலுக்கு அப்பால், நம் மொழி பேசுவோர் வாழும் இலங்கையிலே கொடிய சான்று உண்டு. 1956ஆம் ஆண்டுத் தேர்தலில் பண்டாரநாயக்கா அவர்கள் வெற்றி பெறுவதற்குப் பௌத்த பிக்குகளின் முன்னணி ஒன்று ஊர்தோறும் உழைத்தது. வெற்றிக்குப் பின் சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என்னும் சட்டம் வந்தது. தமிழர் மனம் புண்பட்டது கண்டு, பண்டாரநாயக்கா 1957ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் தமிழர் தலைவர் செல்வநாயகம் அவர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். தமிழ்ப் பகுதிகளுக்கு ஓரளவு உரிமை தரும் உடன்படிக்கை அது. 1958ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள், பிக்குகள் திரண்டு சென்று கொழும்பில் அவர் இல்லத்தின் முன் அமர்ந்தனர். நாட்டு மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் அவர் கைப்பிடி அளவினரே. ஒப்பந்தத்தைக் கைவிட்டதாக எழுதித் தருமாறு கேட்டனர். அவரும் எழுதித் தந்தார். அடுத்த மாதமே கலவரம் மூண்டது. தமிழர் பலர் மாண்டனர்.

எழுதித் தந்ததனால் அவர்க்கு அமைதி கிட்டிற்றோ? 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் அவர் தம் இல்லத்திலேயே காவியுடை தரித்த சோமராமர் என்னும் பிக்குவால் சுடப்பட்டு, மறுநாள் இறந்தார். தேர்தலில் அவர்க்காக முன்னின்று உழைத்த புத்தரக்கித்தர் என்னும் பிக்குவே சதிக்குத் தலைவர் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சதியிற் சொந்த நலனும் கலந்திருந்தது என்பர், அது வேறு. காவியின் செல்வாக்கால் ஆட்சி ஏறியவர் அதே செல்வாக்கின் முன் கையற்று நின்றார் என்பதே பாடம். புத்தபெருமானின் அருளறத்தை நம்பிய இலட்சக்கணக்கான சிங்கள மக்கள் இவற்றை விரும்பினரா? விரும்பியிரார். ஆயினும் அவர் சார்பிற் பேசியது அச்சிறு கூட்டமே.

'நம்மை மட்டும் கூறுகின்றீரே, பிறரிடம் இஃது இல்லையோ?' என்று இளைஞர் சிலர் உள்ளத்தில் வினா எழுவதை அறிகின்றோம். உண்டு. பாகிஸ்தானத்தில் 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் சமயக் கட்சிகள் 300 இடங்களில் இருபதுக்கும் குறைவாகவே பெற்றன. நான்கே ஆண்டுகளில், சமயக் கட்சியைச் சாராத பூட்டோவின் ஆட்சி, அவர்தம் கிளர்ச்சிக்கு இணங்கி, அகமதியா வகுப்பாரை முஸ்லிம் அல்லாதவர் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிற்று. பெட்டியில் தோற்றவர் தெருவில் வென்றனர். 2011ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள், சமய நிந்தனைச் சட்டத்தின் கொடுமையை எடுத்துரைத்த பஞ்சாப் கவர்னர் சல்மான் தாசீர், தம் மெய்க்காவலன் ஒருவனாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். நம் நாட்டில் 1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் காந்தியடிகளைச் சுட்டவனும் வேற்றுச் சமயத்தான் அல்லன். எச்சமயத்திலும் தீவிரர் முதலில் எதிர்ப்பது தம் சமயத்து நல்லோரையே. ஆதலின் 'அவரிடமும் உண்டு' என்பது நமக்கு விடையாகாது. அவரிடத்தும் நல்லோர் நம்மைப் போலவே வாய்மூடி வருந்துகின்றனர் என்பதற்கு அது சான்றாகும்.

இனி எம் முள்ளைக் காட்டுகின்றோம்.

நம் அம்மன் திருவிழாவின் மூன்றாம் நாள், தேர் வரும் தெருமுனையில், ஏலக்காய் வாணிகம் செய்யும் இராவுத்தர்கள் நீர்மோர்ப் பந்தல் அமைப்பது இரண்டு தலைமுறை வழக்கம் என்பதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். நம் தோட்டத்துக் காயை அவர்கள் கொள்வதும், விலை இறங்கிய ஆண்டில் முன்பணம் தந்து நம்மைத் தாங்குவதும், அவர்கள் இல்லத் திருமணத்தில் நாம் முன்வரிசையில் அமர்வதும் புதியன அல்ல. மாமா என்றும் மாப்பிள்ளை என்றும் முறை கூறி அழைத்தே பழகினோம். மாலையில் மலையிலிருந்து ஜீப்புகளில் இறங்கும் பெண்கள், தேர் பார்க்க நிற்கும்போது அப்பந்தலில்தான் தாகம் தணிப்பார்கள்.

மூன்றாண்டுகளுக்கு முன், திருவிழாவுக்குச் சில நாள் இருக்கையில், இளைஞர் ஒன்பதின்மர் நம் சங்க நிர்வாகக் குழுவின் முன் வந்தனர். வேற்றுச் சமயத்தார் கைநீர் அம்மன் விழாவில் ஆகாது, பந்தலை மறுத்தல் வேண்டும், மறுக்காதவர் சமயத் துரோகிகள் என்றனர். அப்பொழுது ஊராட்சித் தேர்தல் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. 'அவ்விளைஞர் கையில் வாக்குகள் உண்டு. பகைத்துக்கொள்ளாதீர்கள்' என்று கட்சிக்காரர் ஒருவர் குழுவினர் சிலர் காதில் ஓதினார். குழுவில் பதினைவர் இருந்தோம். உள்ளத்தால் இசைந்தவர் இருவரோ மூவரோ இருக்கலாம். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அப்பதினைவருள் யாமும் ஒருவர். இலக்கணமும் இலக்கியமும் இருபதாண்டு கற்பித்த நாவுக்கு, அன்று 'ஆகாது' என்னும் ஒரு சொல் எழவில்லை. ஊரில் வீண்பேச்சு வருமே என்று அஞ்சினோம்; வேறு யாரேனும் பேசட்டும் என்று காத்திருந்தோம். மற்றவரும் அவ்வாறே காத்திருந்தனர் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

அவ்வாண்டு பந்தல் இல்லை. தெருமுனை வெறுமையாய்க் கிடந்தது. சில நாள் கழித்து, எம் தந்தையார் காலத்திலிருந்து யாம் மாமா என்று அழைக்கும் முதியவர் ஒருவர் கடைவீதியில் எதிர்ப்பட்டார். கோபம் காட்டவில்லை. "கூட்டத்தில் நீங்களும் இருந்தீர்களாமே, மாப்பிள்ளை" என்று மட்டும் கூறி, எம் பிள்ளைகளின் நலம் உசாவிச் சென்றார். அச்சொல்லே முள்.

இங்கு ஒன்று கருதுக. இருந்த வழக்கத்தைக் காக்க நின்றவர் எவர்? அழித்தவர் எவர்? இரண்டு தலைமுறைப் பழமை அப்பந்தல். அதனை மறுத்தது நேற்றுப் பிறந்த புதுமை. பழமையின் பெயரால் பழமையை அழித்தோம். அழிப்பவர்க்குப் பழமை காப்போர் என்னும் பட்டமும் கொடுத்தோம்.

ஏல வாணிகத்தில் ஒரு முறை உண்டு. இக்காலத்தில் கணிப்பொறி வழியே ஏலம் நடைபெறினும், வணிகர் மூடை முழுவதையும் கொட்டிப் பார்ப்பதில்லை. கையளவு மாதிரியை எடுத்து, நிறமும் பருமனும் நோக்கி, முழுமைக்கும் விலை கூறுவர். சமுதாயத்தையும் உலகம் அவ்வாறே மதிக்கின்றது. நம் சங்கத்து நூற்றுக்கணக்கான குடும்பங்களின் மனத்தை எவர் கொட்டிப் பார்த்தார்? முன்னே நின்று கூவிய ஒன்பதின்மரே நமக்கு மாதிரியாயினர். 'அச்சங்கத்தார் இத்தகையர்' என்று ஊர் விலை கூறிவிட்டது. மாதிரியை நாம் எடுத்து வைக்காவிடின், வேறு யாரோ எடுத்து வைப்பர்.

அவ்வொன்பதின்மருள் ஒருவர் எம் பழைய மாணவர். சென்ற ஆண்டு, கல்லூரி முடித்து வேலைக்குச் செல்லுமுன் எம்மிடம் விடைபெற வந்தார். பேச்சினிடையே யாமே அந்நிகழ்ச்சியை எடுத்து, "ஏன் அப்பா, அன்று அவ்வாறு செய்தீர்கள்?" என்று வினவினோம். அவர் சற்றுநேரம் தலைகுனிந்திருந்து, "ஐயா, நாங்கள் கேட்டபோது பெரியவர்கள் ஒருவரும் மறுக்கவில்லை. நீங்களும் மறுக்கவில்லை. ஆகவே எல்லோருக்கும் அதுதான் விருப்பம், வெளியே சொல்லத்தான் தயங்குகிறார்கள் என்று எண்ணினோம். நீங்கள் ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் பேசாமல் திரும்பியிருப்பேன்" என்றார்.

அன்பர்களே! நான்காவது காரணம் என்று யாம் முன்னர் நிறுத்தி வைத்தது இதுவே. நம் மௌனம் நடுநிலை அன்று. அது தீவிரர்க்கு நாம் எழுதித் தரும் முறிச்சீட்டு. பிறரை மட்டும் அன்று, அவர்களையும் அஃது ஏமாற்றுகின்றது. தாம் சிலர் என்பதே அவர்க்குத் தெரியாமற் போகின்றது. பொன்னானியில் வீடுவீடாய்ச் சென்று கேட்டிராவிடின், அங்கும் பலர் விருப்பம் இன்னதென்று எவரும் அறிந்திரார்.

ஆதலின், இவ்வவையின் முன் மூன்று வேண்டுகோள் வைக்கின்றோம். முதலாவது, சமயம் பற்றிய எந்தத் தீர்மானமும் பதினைந்து நாள் முன்னரே உறுப்பினர் அனைவர்க்கும் அறிவிக்கப்பட்டு, பொதுக்கூட்டத்தில், கையுயர்த்தாது சீட்டெழுதி முடிவு செய்யப்படுதல் வேண்டும். கூச்சலுக்கு நா உண்டு. சீட்டுக்கு அச்சம் இல்லை. பெண்மக்களும் சீட்டெழுதுதல் வேண்டும். மோர் குடித்தவர்களும் தாகத்தோடு நின்றவர்களும் அவர்களே. இரண்டாவது, எந்தக் கட்சிக்காரரும் நம் சங்கத்தின் வாக்குகளைத் தம் கையில் வைத்திருப்பதாகக் கூறும் எச்சிறு குழுவோடும் பேரம் பேசலாகாது என்று இச்சங்கம் அறிவித்தல் வேண்டும். வாக்கு அவரவர்க்கு உரியது. ஒன்பதின்மர் சட்டைப்பையில் இருப்பதன்று. மூன்றாவது, வரும் திருவிழாவுக்கு நம் பெரியோர் ஐவர் இராவுத்தர்கள் இல்லம் சென்று, வழக்கம்போல் பந்தல் அமைக்குமாறு அழைத்தல் வேண்டும். அழைக்கச் செல்வோருள் எம்மையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்முதியவர்க்கு யாம் சொல்லவேண்டிய ஒரு சொல் மூன்றாண்டாகக் கடனாக நிற்கின்றது.

இளைஞர்களை விலக்குக என்று யாம் கூறவில்லை. அவர்கள் நம் பிள்ளைகள். அவர்தம் ஊக்கம் நமக்கு வேண்டும். அதனைப் பிள்ளைகளின் படிப்புதவிக்கும், கோயில் திருப்பணிக்கும், மலைச்சாலையில் விபத்துற்றோர் குடும்பத்திற்கும் திருப்புவோம். அவர்கள் தவறும்போது அன்போடு மறுத்துரைப்போம். மறுத்துரைத்தல் பெரியோர்க்கு உரிய கடமை. அதனைச் செய்யாமல் பின்னர் பிள்ளைகளைப் பழித்தல் முறையன்று.

அம்மன் திருவருளால் வரும் ஆண்டுத் தேர் அத்தெருமுனையைக் கடக்கும்போது, அங்கே பந்தலும் பானைகளும் இருக்குமாக!